துண்டுக்குள் போன எருமை

சந்தனம் மாட்டுத் தரகர். கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டோரம் கூடும் சந்தையில் அவர் துண்டுக்கடியில் கை நுழைக்காத ஆளில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்தியே விலை பேசி முடிப்பார்கள். வெளியே நிற்பவனுக்கு முகந்தான் தெரியும், விலை தெரியாது. உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது, பிறகு மாற்றவும் கூடாது. அது சந்தைக் கட்டு.

மாட்டு விஷயத்தில் மனிதரை ஏய்க்க முடியாது. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்குச் சலங்கை என்று ஒரு காளை வந்தால், அத்தனையையும் முதலில் அவிழ்க்கச் சொல்வார். "சோடிச்ச மாட்டுல என்னமோ கோளாறு இருக்குதுங்க" என்பார். பெரும்பாலும் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் சட்டசபைத் தேர்தல் வந்து குப்புறத் தள்ளியது. வெள்ளைக்காரன் காலம். நிலத்துக்கு நிகுதி, அதாவது வரி, கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி: மரக்கடை நாணு முதலாளிக்குப் பச்சைப் பெட்டி, கல்பாத்தி வக்கீல் ராமபத்ரனுக்குச் சிவப்புப் பெட்டி. யார் ஜெயிப்பார் என்று சந்தையே பந்தயம் கட்டியது. அதற்கென்று புது விரல் கணக்கே உண்டாகிவிட்டது: சுண்டு விரல் என்றால் சேவல், மோதிர விரல் என்றால் கிடாய், கட்டை விரல் என்றால் கறவை எருமை. முதலாளி கோயிலில் சோறு போட்டார், பச்சை ஏறியது. வக்கீலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, சிவப்பு இறங்கியது.

கூத்தைக் கேளுங்கள். இப்படி ஏற்றி இறக்கிய கும்பலில் ஒருவனுக்கும் ஓட்டுக் கிடையாது. சந்தனத்துக்கும் கிடையாது. அவர் வீட்டில் ஓட்டு இருந்தது மனைவி கருப்பாத்தாளுக்கு. அவள் அப்பன் எழுதி வைத்த புஞ்சை அவள் பேரில் இருந்தது.

ஓட்டு நாளன்று முதலாளியின் வண்டிகள் பச்சைத் துணியும் குஞ்சமுமாக வரிசை கட்டி வந்தன. வக்கீலுக்கு இருந்தது ஒரே வண்டி, அதுவும் அச்சு முறிந்து பாதி வழியில் கிடந்தது. சந்தனம் ரோட்டோரம் நின்று பார்த்தார். விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கருப்பாத்தாளும் பச்சை வண்டியில் ஏறினாள். கையில் முதலாளி கொடுத்த வடை வேறு. அட, என் வீட்டுக்காரியே பச்சை, இனி என்ன யோசனை என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே டீக்கடையில் நின்று, "பச்சைக்கு என்ற எருமையவே வெக்கறேன், எதுக்க ஆருக்காச்சும் தைரியமிருக்குதா?" என்று கேட்டார். அந்த எருமை கருப்பாத்தாள் தாய்வீட்டிலிருந்து கன்றாக ஓட்டி வந்தது. அது அப்போது அவர் நினைவில் இல்லை.

பெட்டிகள் பாலக்காட்டுக்குப் போய், எண்ணுவதற்குள் ஒரு சந்தை வந்தது. சிவப்பு மேல் கட்ட ஒருவனும் இல்லை. அப்போது கருப்பாத்தாளின் தம்பி நாச்சிமுத்து வந்து நின்றான்.

"மாமா, சிவப்புக்கு நானொரு கெடா வெக்கறனுங்க."

"உனக்கென்ன கிறுக்கா மாப்ளே? கெடா போனா அழுவியே" என்று சிரித்துக்கொண்டே சந்தனம் துண்டை விரித்தார். உள்ளே நாச்சிமுத்து அவருடைய கட்டை விரலைப் பிடித்தான்; கிடாய்க்கு எதிரே எருமையையே கேட்டான். பிடித்தவன் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். சந்தனம் பதிலுக்கு அழுத்திவிட்டார்.

சிவப்பு ஜெயித்தது. அதுவும் நல்ல வித்தியாசத்தில்.

சந்தனத்துக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எருமை போனது போகட்டும், அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வாசலுக்கு வந்தால், நாச்சிமுத்து புதுக்கயிற்றோடு நின்றிருந்தான். மாடு கைமாறினால் வாங்கியவன் புதுக்கயிறு போடவேண்டும். கருப்பாத்தாள் தம்பி கையிலிருந்து கயிற்றை வாங்கி, தானே எருமைக்குப் போட்டுக் கட்டினாள்.

"அந்தக் கெடா என்னுதுங்க. தம்பிகிட்ட நாந்தான் குடுத்துட்டு வெக்கச் சொன்னேன்" என்றாள். "எப்படியும் எருமைய ஆருகிட்டயாச்சும் தோக்கப் போறீங்க. அது எங்கிட்டயே இருக்கட்டுமேன்னுதான்."

சந்தனத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நீ பச்சை வண்டிலதான ஏறுன?"

"வெயில்ல நடக்கோணுமாக்கும்? வண்டி வந்துது, ஏறுனோம். வடை குடுத்தாங்க, தின்னோம். மழை பொய்ச்ச வருசம் நிகுதியக் கொறைக்கச் சொல்லி மனு எழுதுனது ஆருங்க? வக்கீல்தானுங்க? வண்டில இருந்த அத்தன பேரும் அதையேதான் பேசிட்டுப் போனோம்."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களே. சோடிச்ச மாட்டை அவுத்துப் பாக்கறவரு, சோடிச்ச வண்டிக்குள்ள இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாச்சிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான்.

சந்தனம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். ஊரில் ஒரு பெண்பிள்ளையும் அந்தத் துண்டுக்கடியில் கை நீட்டியதில்லை. அதைக் கருப்பாத்தாள் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"எருமையத் திருப்பிக் குடுக்க என்ன வெலை, சொல்லு."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் விட்டாள். வெகுநேரம் பேசினார்கள். ஒருமுறை அவர் தலையை ஆட்டினார், அவள் விடவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என்ன விலைக்கு முடிந்தது என்று நாச்சிமுத்து கேட்டுப் பார்த்தான், சந்தையும் கேட்டுப் பார்த்தது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லும் ஆளா அவர்? ஆனால் அதற்கப்புறம் அவர் வீட்டு மாட்டுக்கு யார் விலை கேட்டு வந்தாலும், துண்டை விரிக்குமுன் சந்தனம் சொல்வது ஒன்றுதான்.

"இருங்க, ஊட்டுல கேட்டுட்டு வந்தர்றனுங்க."