பாங்கு எப்போது சொன்னீர்கள்?

சந்திரிகா நர்ஸம்மா அசோக் நகரிலிருந்து பஸ் ஏறி எங்கள் மயிலாப்பூருக்கு வருகிறவள். பிறக்கும்போது சாகக் கிடந்து பிழைத்த பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று தேடுவதுதான் அவள் வேலை. செத்த பிள்ளையை ஆபீஸில் எழுதிவிடுவார்களாம். பிழைத்து வந்ததை யாரும் எழுதுவதில்லையாம். அதற்கென்று ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறாள்.

என் பேத்தி மெஹக் பிறந்து இருபது நாள் ஆனபோது வந்து உட்கார்ந்தாள்.

"கொழந்த பொறந்ததும் அழுதுச்சா நானிமா?"

"அழுதுச்சாவா? தெருவே திரும்பிப் பாத்துச்சு" என்றேன்.

பொய். நீலமாய்ப் பிறந்தது, சத்தமே இல்லை. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாயோடு. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் காகிதத்தை ஒளிக்க வேண்டும் என்று தெரியும். பெண் பிள்ளை. சீக்குப் பிள்ளை என்று நோட்டில் ஏறிவிட்டால் நாளைக்கு நிக்காஹ் பேச வருகிறவன் அதையல்லவா கேட்பான்? அதைப் பெற்ற என் மகள் ஃபிசாவையும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன். இதை எழுதுகிறவளும் அவள்தான். முகத்தைச் சுளிக்காதே ஃபிசா, எழுது.

நர்ஸம்மா எழுந்து போகவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு என் வீட்டுக்காரர் கரீமுல்லா பக்கம் திரும்பினாள்.

"காதுல பாங்கு சொன்னது நீங்களா பாய்?"

"நான்தாம்மா."

"எப்போ?"

எங்களில் பிள்ளை பிறந்த கையோடு அதன் காதில் பாங்கு, அதுதான் தொழுகைக்கு அழைக்கிற வார்த்தைகள், சொல்லிவிட வேண்டும். அந்த விஷயத்தில் பொய் சொல்ல அந்த மனுஷருக்கு நாக்கு வராது.

"மூணாம் நாள். அதுவரைக்கும் உள்ள விடலையே. பச்ச அங்கி மாட்டி ரெண்டே நிமிஷம் விட்டாங்க."

நான் முறைத்தேன். அவள் சிரித்தாள்.

"இன்னா நானிமா, தெருவையே கூட்டுன கொழந்தைக்கு மூணாம் நாளா பாங்கு? அழுதுச்சான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்றாங்க. அதான் எங்க ஆளுங்க வீட்ல, நாக்குல சேனை, அதான் சக்கரத் தண்ணி, எப்போ தொட்டு வெச்சீங்கன்னு கேப்பேன். உங்க வீட்ல இது."

"நல்ல போலீஸ்காரி நீ. எழுதாத. எம்பேத்திக்கு ஒண்ணும் இல்ல."

அவள் சிரிப்பு போய்விட்டது. "எங்க அக்கா பையன் ஸ்ரீஹரியும் இப்டித்தான் பொழச்சு வந்தான். அதுவே போதும்னு வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்துட்டோம். காது கேக்கலன்னு தெரியும்போது அவனுக்கு நாலு வயசு. நான் நர்ஸு, என் கண்ணெதிர்லயே வளந்தான். மொதல்லயே பாத்தா வழி கீது நானிமா."

மெஹக் தூங்கிக்கொண்டிருந்தாள். கரீமுல்லா அவளையே பார்த்தார். "அப்ப நான் சொன்னது அதுக்குக் கேட்டுச்சோ இல்லையோ" என்றார்.

எழுந்துபோய்ச் சீட்டை எடுத்து வந்தேன். கொடுக்கும்போதும் பிடிவாதத்தை விடவில்லை. "நாப்பது கழியாம வாசப்படி தாண்ட மாட்டோம்."

"நாப்பத்தொண்ணாம் நாள் காலையில ஆட்டோவோட வரேன்" என்றாள். வந்தாள்.

அடையாறில் காது சோதிக்கிற ஒரு சின்ன அறை. தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் ஒயர் ஒட்டி, காதில் குழாய் வைத்தார்கள். வலது காது முடிந்தது. இடது காதுக்குப் போகும்போது விழித்துக்கொண்டு ஒரே அழுகை. ஃபிசா பால் கொடுத்து, மறுபடி தூங்க வைத்து, மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதித் தீர்ந்துபோனது.

"ரெண்டு காதும் நல்லா கேக்குது பாட்டி" என்றது டாக்டர் பெண்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கரீமுல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என் பாங்கு போய்ச் சேந்திருக்கு!"

சந்திரிகா மூலையில் நின்று முகத்தைத் துடைத்தாள்.

"ஏசி ஓடுது, உனக்கு இன்னா வேர்வை?" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நோட்டைத் திறக்கச் சொன்னேன். "இதுல எது எம்புள்ள?" காட்டினாள். அந்த வரியில் விரல் வைத்துப் பார்த்தேன். அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"எழுதிக்க" என்றேன். "பின்தெரு வைரவன் வீட்ல பேரப்புள்ளைக்கு ஆறாம் நாள்தான் சேனை வெச்சாங்களாம். அந்த வீட்டம்மா என்ன மாதிரி. டீ குடுப்பா, உண்மையச் சொல்ல மாட்டா. எழுந்துடாத, உக்காந்தே இரு."