அத்தாயி ப்ளேன் ஏறிய கதை

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பெயருக்குத்தான் ஜெராக்ஸ். ஆதார் பிரிண்ட், கரண்டு பில், பஸ், ரயில், ப்ளேன் டிக்கெட் என்று என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். சேலத்தில் ப்ளேன் வந்து இறங்க ஆரம்பித்ததிலிருந்து, டீ குடிக்க வருகிறவர்கூட ஒருமுறை என் கடைக்குள் தலையை நீட்டி, "ஏனுங்க செல்வராஜ், அந்த மலிவு ப்ளேன்ல போனா கட்டுபடியாகுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

அதற்கு நான் ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். கல்யாணப் பந்தியில் இலையை மட்டும் போட்டுவிட்டு, சோற்றுக்குத் தனி, சாம்பாருக்குத் தனி, அப்பளத்துக்குத் தனி என்று காசு கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் மலிவு ப்ளேன். ஜன்னலோரம் வேண்டுமென்றால் காசு. பசித்தால் காசு. பெட்டி ஒரு கிலோ கூடினால் அதற்கும் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கையை வீசிக்கொண்டு போகிறவனுக்குக் கட்டுபடியாகும், தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு ஆகாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பஸ் டிக்கெட்டுக்கு மாறிவிடுவார்கள்.

தலைச்சோலை அத்தாயி அக்கா மட்டும் மாறவில்லை.

அத்தாயி அக்கா ஒரு எஸ்டேட்டில் எடை போடுகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே காப்பிப் பழம் பறிக்கத்தான் போனார். அப்போது தராசில் நின்ற ஆள், ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கின் எடை என்று சொல்லி வாய்க்கு வந்ததைக் கழிப்பானாம். மழையில் நனைந்த சாக்கானாலும் காய்ந்த சாக்கானாலும் அவனுக்கு ஒரே கணக்கு. ஒருநாள் அக்கா தன் மூட்டையைக் களத்தில் கொட்டிவிட்டு, வெறும் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி, "இப்பப் படிங்க" என்றாராம். பக்கத்தில் நின்ற, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் படித்தார், அவன் கழித்ததில் பாதிகூட இல்லை. அடுத்த சீசனில் தராசு அத்தாயி அக்கா கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் எந்த மூட்டையை எடை போட்டாலும் சாக்கைத் தனியாக எடை போட்டுக் கழிக்காமல் விட்டதில்லை. சரக்கு வேறு, சாக்கு வேறு என்பார். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அவருக்கு ஒரே மகள், தீபிகா. சேலத்தில் படித்து, ஐதராபாத்தில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு தெலுங்குக்காரப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது. முன்கூட்டியே போன் பண்ணி, அழுது, வரச்சொல்லித்தான் கூப்பிட்டது. அப்பா சித்தண்ணன் போகவில்லை, அக்காவையும் விடவில்லை. அதிகம் பேசாத மனிதர் அவர், கோபம் வந்தால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். மகளோடு பேசி மூன்று வருஷம் ஆயிற்று. அக்கா மட்டும் என் கடைக்கு வந்து, என் போனில் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

போன தை மாதம் அக்கா கடைக்கு வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, புள்ள மாசமா இருக்குதுங்க. ஒம்பதாம் மாசம் தொடங்கப் போகுது. டாக்டரம்மா நகரவே கூடாதுன்னுட்டாங்களாம். நாந்தான் போகோணும். கட்டுச்சோறு ஆக்கோணுமில்லீங்க."

கர்ப்பமாக இருக்கும் மகளுக்குத் தாய்வீட்டுப் பொருளில் பலவகைச் சோறு ஆக்கி ஊட்டுவதுதான் கட்டுச்சோறு. கல்யாணத்துக்குத் தாய்வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துண்டுகூடப் போகாத பெண் அது. இதுவும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடும். அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ரயிலில் இடம் இல்லை. பஸ் என்றால் பெங்களூரில் இறங்கி மாற வேண்டும், மூட்டையோடு ஒற்றைப் பொம்பளை என்ன செய்வார்? சேலத்திலிருந்து ஐதராபாத்துக்கு மலிவு ப்ளேன் இருந்தது. நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் கெடக்குதுங்க. எத்தன கிலோ உடுவாங்க?"

"பெட்டிக்குப் பதினஞ்சு, கைப்பைக்கு ஏழுங்கக்கா. அதுக்கு மேல ஒரு பிடி கூட ஆகாது."

"அது போதும். எடை நான் பாத்துக்கறேன்."

பெட்டி அவரிடம் இல்லை. என் மாமனார் வீட்டில் எனக்குச் சீராகக் கொடுத்த சூட்கேஸ் பரணில் கிடந்தது. இரும்புச் சட்டம் போட்ட பழைய காலத்துப் பெட்டி, காலியாகத் தூக்கினாலே இடுப்பைப் பிடிக்கும். என் மனைவி மல்லிகா அதைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினாள், ஒழிந்தது சனி என்று.

போகிற நாள் காலையில் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு இறங்கினேன். எனக்கும் சேலத்தில் பேப்பர் பண்டல் எடுக்கிற வேலை இருந்தது. சித்தண்ணன் வழியனுப்ப வரவில்லை. போ என்றும் சொல்லவில்லையாம், போகாதே என்றும் சொல்லவில்லையாம். முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து தன் காட்டில் விளைந்த சாமையைக் குத்திப் புடைத்து, கல் பொறுக்கி, துணிப்பையில் கட்டி அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டாராம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அக்கா இதை என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டில் டிக்கெட் இருப்பவர்களை மட்டுந்தான் உள்ளே விடுவார்கள். நான் வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். கவுண்டரில் அக்கா பெட்டியை வைப்பது தெரிந்தது. அங்கிருந்த பெண் ஏதோ சொன்னது. அக்கா இடுப்பில் கை வைத்தார். கை வைத்தால் வில்லங்கம் என்று எனக்குத் தெரியும். அவருடைய பட்டன் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, இந்தப் புள்ள பத்தொம்போதுங்குது. நான் எஸ்டேட் தராசுல வெச்சு, பெட்டியக் கழிச்சு, சரியாப் பதினஞ்சு கட்டுனேன். கைப்பையிலயும் எடமில்ல. என் எடை தப்பாதுங்களே."

"அக்கா, பெட்டியக் கழிக்கக் கூடாதுங்க. பெட்டியோட சேத்துத்தான் பதினஞ்சு."

"பெட்டிய யாருங்க திங்கப் போறாங்க?" என்றார். அப்புறம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கவுண்டர் பெண்ணிடம், "ஏங்கண்ணு, சாக்குக்கும் சேத்து எடை போடறது பாவமில்லையா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, கம்பெனி ரூல் அம்மா என்றது. கூடுதல் எடைக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் அக்கா அடங்கிவிட்டார். நான் கட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார்.

"அப்பச் சாமைய எடுத்துக் குடுத்துருங்கக்கா. ஐதராபாத்துல கெடைக்காததா? கடையில வாங்கிக்கலாம்."

அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"அது அவரு குத்திக் குடுத்ததுங்க தம்பி. மூணு வருசமா அவரு கையால அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் போகல."

போனை வைத்துவிட்டு, கவுண்டர் ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ப்ளேன் ஏற வந்த நாலு பேர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சாமையை எடுக்கவில்லை. காப்பித் தூளை, மிளகை, மல்லிகா கட்டிக் கொடுத்த அதிரசத்தை, எதையும் எடுக்கவில்லை. சேலைகளை எடுத்தார். பாவாடை, ரவிக்கை, ஸ்வெட்டர், அடியில் மடித்து வைத்திருந்த கம்பளி. மாற்றுத் துணி என்று ஒன்று பாக்கியில்லாமல் எடுத்து, எல்லாவற்றையும் கம்பளியில் சுருட்டி, வாசலுக்கு வந்து காவலரிடம் சொல்லிவிட்டு என் கையில் திணித்தார்.

"அக்கா, ஒரு மாசம் இருக்கப் போறீங்க. உடுத்த என்ன பண்ணுவீங்க?"

"துவைச்சுத் துவைச்சுக் கட்டிக்கறேன். நீங்க போங்க."

உள்ளே போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தராசில் வைத்து, அந்தப் பெண் சரி என்று தலையாட்டியதைப் பார்த்தபிறகுதான் நான் காருக்குத் திரும்பினேன். துணிமூட்டையை ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஐதராபாத்தில் கட்டுச்சோறு ஆக்கிய அன்றைக்கு மத்தியானம் சித்தண்ணன் ஒண்டிக்கடைக்கு வந்தார். மருந்தடிக்கும் மெஷினுக்கு வாஷர் வாங்க வந்தேன் என்றார். வாஷர் கடை எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவர் என் கடை வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தீபிகாவின் வீடியோ கால் வந்தது. போனை அவரிடம் நீட்டினேன், கையில் வாங்கவில்லை. நானே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா," என்றது தீபிகா. கை நிறைய வளையல், வாய் நிறையச் சோறு. பின்னால் யாரோ குண்டாவும் கரண்டியுமாகக் குறுக்கே போனார்கள். அரக்கில் மஞ்சள் கரை போட்ட பட்டுச்சேலை. திரும்பியபோதுதான் அது அத்தாயி அக்கா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு சித்தண்ணன் மகளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அது யாரு சேல?"

"என்னுதுங்கப்பா. என் கல்யாணத்தன்னைக்குக் கட்டுனது. பெட்டி பூராச் சோத்துச் சாமானா இருக்குது, அம்மாவுக்கு ஒரு மாத்துத் துணி இல்ல. அதான் இதக் கட்டி உட்டேன். நல்லா இருக்குதுங்களா?"

அவர் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கட்டி நிற்க, மூன்று வருஷத்துக்கு முன்பே அவர் பார்த்திருக்க வேண்டிய சேலை. தொண்டையைச் செருமினார், ஒருமுறை ரோட்டைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"சாமச்சோறு தின்னியா கண்ணு?"

"தின்னேங்கப்பா. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீபிகாவும் அழுதது. சித்தண்ணன் மட்டும் அழவில்லை. வாஷரையும் வாங்கவில்லை. போகும்போது பிரிண்டர் பக்கத்தில் இருந்த அந்தத் துணிப்பையைப் பார்த்து, "அவளுதா?" என்று கேட்டார். ஏர்போர்ட்டில் பெட்டியோடு சேர்த்து எடை போட்ட கதையை நான் சொல்லி முடித்ததும், எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே வந்து நின்றார். தோளில் அதே பை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

"தம்பி, எனக்கும் அந்த ப்ளேன்ல ஒண்ணு போடுங்க. அவ சேலையக் கொண்டுபோயிக் குடுக்கோணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சேலைக்கு எதுக்குங்கண்ணா ப்ளேனு? கூரியர்ல போட்டா ரெண்டே நாள்ல போயிரும். காசும் மிச்சம்."

"கூரியர்ல போட்டாத் தொலைஞ்சு போயிருமுங்க," என்றார், என்னைப் பார்க்காமல்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். பெயர், வயசு எல்லாம் கேட்டு அடித்துவிட்டு, பெட்டி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"இது ஒண்ணுதானுங்க," என்று பையை மேஜைமேல் வைத்தார். "பையோட சேத்துத்தான் எடை போட்டுப் பாத்தேன்."