கறுக்க மறுத்த கிண்ணங்கள்

சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாள் முழுக்கச் சின்னச் சாவணத்தால் ஊசிமுனையளவு திருகாணிகளைத் தூக்கி வைப்பேன். கை நிறையப் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய ஆசைப்பட்டு, பனி கொட்டிய 2014 மாரியில் சனிக்கிழமை மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லித்தந்த மடாமுக்கு என் வயதுதான். பழைய ஜப்பான்காரர் செய்த கரிக்கறுப்புத் தேநீர்க் கிண்ணம்போல ஒன்று செய்துவிட வேண்டுமென்று அவ ஒற்றைக்காலில் நின்றா. மரச்சாம்பலும் இரும்புத்துருவும் கரைத்துப் பூசி மூன்று தரம் சுட்டா. மூன்று தரமும் பனங்கட்டிப் பழுப்பில்தான் வந்தது.

பிறகொரு நாள் புத்தகமும் கையுமாக வந்தா. பூச்சில் பிழையில்லையாம், சூளைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டதுதான் பிழையாம். தணலாக இருக்கும்போதே வெளியே இழுத்துச் சட்டென்று ஆறவிட்டால்தான் கறுக்குமாம்.

"ஆர் இழுக்கிறது?" என்று கேட்டா. எல்லோரும் குனிந்து மண்ணைப் பிசைந்தார்கள். "நான் இழுக்கிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் என் மனுசன் குதித்தார். "உமக்கென்ன விசரோ? ஆயிரத்து இருநூறு பாகைச் சூடு!"

"பயமெண்டால் நீங்களும் வாங்கோவன்."

வந்தார். கராஜில் வேலைசெய்கிறவர், இரும்பு உருக்கி ஒட்டும் வேலைக்குப் போடும் தோல் கையுறையையும் முகமறைப்பையும் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார்.

சூளை வகுப்பின் பின்முற்றத்தில், சுற்றிவர முழங்காலளவு பனி. மடாம் கதவைத் திறக்க வெக்கை முகத்தில் அடித்தது. நீளக் குறட்டால் முதல் கிண்ணத்தைக் கவ்வினேன். பிடி வழுக்கியது. அது பனியில் விழுந்து, சீறி, இரண்டாகப் பிளந்தது.

"காணும், இதோட விடும்" என்றார் இவர்.

"அடுத்தது!" என்று கத்தினா மடாம்.

இரண்டாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துச் செங்கல்லில் வைத்தேன். கிணிங் கிணிங் என்று சத்தம். சிவப்பு மங்கி, பார்த்துக்கொண்டிருக்கவே கறுத்தது. முழுக் கறுப்பு! மடாம் என்னைக் கட்டிப்பிடித்தா. இவரையும் பிடித்து, இந்த ஊர் வழக்கப்படி மூன்று தரம் கன்னத்தில் கொஞ்சினா. மனுசன் கூச்சத்தில் நெளிந்துபோனார்.

ஆறியபின் அதைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றி, மூவரும் மாறி மாறிக் குடித்தோம்.

காரில் திரும்பும்போது இவர் மெல்லக் கேட்டார். "அந்த வகுப்பில இன்னும் இடம் இருக்கோ?"

"ஓம், ஏன்?"

"சும்மாதான். நீர் குறடு பிடிச்ச பிடி சரியில்லை."

அடுத்த சனிக்கிழமையே சேர்ந்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் அலுமாரித் தட்டு நிறையக் கறுப்புக் கிண்ணங்கள். வாறவர்களுக்குப் பாயாசம் அதில்தான்.