தலைகீழாய் லோடு ஏறிய நாவல்

நாவலுக்குத் திட்டம் போட்டுத் தரும் மென்பொருளைக் கண்டுபிடித்த மனிதர் என்றாவது எதிரில் வந்தால், நல்ல டீ ஒன்று வாங்கித் தருவேன். அவர் குடித்து முடித்ததும் டம்ளர் கழுவுகிற தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவேன்.

விஷயம் இதுதான். காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ஒருவனைப் பற்றி ஏழு நோட்டுகள் நிறைய எழுதி வைத்திருந்தேன். பதிப்பகத்து ஆசிரியை போனில், "அத்தியாய வாரியா ஒரு வரைவு வேணும் சார். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவோம்" என்றார். ஐம்பத்தொரு வயதுவரை ஒரு புத்தகம்கூட வெளிவராதவனிடம் இப்படிப் பேசலாமா? பயந்தவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். எழுதுவதை விட்டுவிட்டு எதில் எழுதலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் மென்பொருள் வட்டங்கள் போட்டு அவற்றுக்கிடையே கோடு இழுக்கும். என் கதையை அதில் கொட்டியதும் தரையில் விழுந்த இடியாப்பம் போலாகிவிட்டது. கதாநாயகன் எங்கே என்று விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவன் மச்சினி வீட்டில் போய் நின்றேன்.

இரண்டாவது, அட்டை அட்டையாய்க் குத்தி வைப்பது. ஒவ்வோர் அட்டையிலும் போலீஸ் மாதிரி விசாரணை வேறு. உங்கள் நாயகனின் காயம் எது என்று கேட்டது. வலை இழுக்கும் விஞ்சில் மாட்டிய இடது கட்டைவிரல் என்று போட்டேன். அது அவரை எப்படி மாற்றியது என்று கேட்டது. பீடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டான் என்று போட்டேன். பிடிக்கவில்லை போலிருக்கிறது. போதாததற்கு என் ஆட்கள் பேசும் இன்னா, கீது எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புக் கோடு கிழித்து வைத்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "யோவ், இன்னாய்யா ஸ்கிரீனு மூஞ்சி முழுக்க வேர்க்குரு?"

"பிழை திருத்துதாம்."

"மொதல்ல உன்னிய திருத்தச் சொல்லு. மீனு வாங்கினு வாயான்னா, குந்திகினு பை தெச்சிகினு கீற."

மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். வட்டமில்லை, விசாரணையில்லை. ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசை, அவ்வளவுதான். பார்த்ததும் பழகிய முகமாகத் தெரிந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு லோடு பார்ப்பவன் நான். தினம் எழுதும் லோடு சீட்டும் இதே வடிவம்தான். வெள்ளிக்கிழமை மதியம் யார்டில் உட்கார்ந்தே இருபத்து நான்கு அத்தியாயங்களையும் போனில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

நாலு மணிக்கு ஆசிரியை கூப்பிட்டார். "சார், ஒண்ணாவது அத்தியாயத்துல அவரைப் புதைக்கிறாங்க. இருபத்தி நாலுல பொண்ணு பாக்கப் போறார். மறுபிறவிக் கதையா?"

அப்போதுதான் உறைத்தது. லாரியில் கடைசி ஊரில் இறங்கும் சரக்குதான் முதலில் ஏறும். கேபினை ஒட்டிக் கிடக்கும். முதலில் இறங்குவது கடைசியில் ஏறும். சீட்டையும் அந்த வரிசையில்தான் எழுதுவோம். இருபது வருஷப் பழக்கம். நாவலையும் அப்படியே லோடு ஏற்றியிருக்கிறேன்.

பயம் என்னை முந்திக்கொண்டு பேசியது. "அது ஒரு உத்தி மேடம்."

"அப்படியா? பொண்ணு பாக்கற எடத்துல 'இனிமேல்தான் இவன் கடலுக்குப் போகப் போகிறான்'னு எழுதியிருக்கீங்களே."

லாரிக் கதையை ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அஞ்சுக்குள்ள சரி பண்ணி அனுப்புங்க சார்" என்று வைத்துவிட்டார்.

வரிகளை விரலால் இழுத்து மாற்றலாம் என்று அந்த மென்பொருள் பெருமையடித்திருந்தது. இழுத்தேன். சவ ஊர்வலம் போய்க் கல்யாணத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே இழுத்தால் கல்யாணமும் கூடவே வந்தது. அவசரமாய் இன்னொரு தரம் இழுத்ததில் புயல் போய் மச்சினிக்குக் கீழே விழுந்தது. மணி நாலரை.

யார்டின் மூத்த லோடுமேன் பக்கத்தில் வந்து நின்றான். என் வயதுதான். "இன்னா மாமு, போனைப் போட்டு நசுக்கிகினு கீற?"

சொன்னேன்.

"இத்துக்கா பேஜாரு? இந்தா." சாக்பீஸை நீட்டினான். சுவரில் ஓர் இரும்பு பிளேட்டு சாய்ந்திருந்தது, ஆளுயரத்துக்கு மேல். அளவு குறிப்பதற்கென்று எங்கள் எல்லோர் பையிலும் சாக்பீஸ் இருக்கும். "கீயேந்து மேல படிச்சிகினே எய்து. பொண்ணு பாக்கறத மேல போடு, பொணத்தக் கீய போடு."

எழுதினேன். துருவின்மேல் எழுத்து நன்றாகவே பிடித்தது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் படமெடுத்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு அந்த மென்பொருளைப் போனிலிருந்து பிடுங்கி எறிந்தேன். ஏன் போகிறீர்கள் என்று அழமாட்டாத குறையாகக் கேட்டது. பதில் சொன்னேன், இங்கே அச்சில் போட முடியாது.

பிளேட்டை கிரேன் தூக்கி லாரியில் வைத்தது. லாரி கேட்டை நோக்கி மெல்ல நகரும்போது பதில் வந்தது. "வரைவு தெளிவாக இருக்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொள்கிறோம். பதினேழாம் அத்தியாயம் மட்டும் நிழலில் மறைந்திருக்கிறது. அது என்ன?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு மனசு மாறிவிட்டால்? மறுபடியும் பயம்தான் டைப் அடித்தது: "அது தேவையில்லை மேடம். எடுத்துவிட்டேன்."

"நல்லது. இருபத்து மூன்று அத்தியாயங்கள். உறுதி" என்று வந்தது.

சந்தோஷத்தில் லோடுமேனைக் கட்டிப் பிடித்தேன். உதறினான். "வுடு மாமு, கலீஜா கீற. அது கெடக்கட்டும், பதினேய்ல இன்னா கீது?"

"நீதான்."

"இன்னாது?"

"நீ வர்றது அந்த ஒரே அத்தியாயத்துலதான் மாமு."

என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் ஓடினான். "யோவ் டிரைவரு! லாரிய நிறுத்துய்யா!"