கட்டம் போட்ட ஓரம்

கிரீஃப் ஊரின் இறைச்சிக் கடைக்காரர் ஹெக்டர் பால்வேர்ட் நாற்பது வருடம் ஒரே பாட்டைத்தான் பாடினார்.

"எங்கம்மாவ சமையக்காரின்னு நெனைக்காதீங்கப்பா. பண்ணையார் பொண்டாட்டி. ரெண்டு சாட்சி வச்சு நடந்த கல்யாணம்."

சாட்சிகள் இருவரும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். ஊர் தலையாட்டிக் கறி வாங்கிக்கொண்டு, வெளியே வந்து சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கல்லறைக் கல் செதுக்குவது என் தொழில்.

அவருடைய அம்மா ஜீன் சாகும்போது கேட்டது ஒன்றுதான்: கல்லில் 'மனைவி' என்று இருக்க வேண்டும். ஹெக்டர் அதற்கு மேலே பண்ணையாரின் குலச் சின்னமான கேடயமும் வேண்டும் என்றார். எங்கள் நாட்டில் ஒரு கேடயம் ஒரே ஆளுக்குத்தான் சொந்தம். பெற்ற பிள்ளையானாலும் எடின்பரோவில் இருக்கும் குலச்சின்ன அலுவலகத்துக்கு மனுப் போட்டு, சிறு மாற்றத்தோடுதான் வாங்க முடியும். அதற்கு உறவுச் சான்று வேண்டும். இவர் முகத்தைக்கூடப் பார்க்காத பண்ணையார் மகள் கிரிஸெல் தானே கடிதம் எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தாள். ஹெக்டர் அழுதேவிட்டார்.

பட்டயம் வந்தது. பண்ணையார் கேடயத்தில் இருப்பதுபோலவே மூன்று காட்டுப்பன்றித் தலைகள், சுற்றிலும் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிக் கட்டம் போட்ட ஓரம்.

"ஓரத்தப் பாத்தியா அலிக்? அவங்க கேடயத்துலகூட இது கெடையாது!"

கல் செதுக்கும் எனக்குத் தெரியும். முறை தவறிப் பிறந்த பிள்ளைக்குப் போடும் ஓரம் அது. சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பொரு நாள் தன் கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஹெக்டர் என் மருமகனைக் குலம் கெட்டவன் என்றாரே, அது எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு கட்டமாக, அழகாகவே செதுக்கினேன்.

கல் நாட்டிய அன்று ஊரே கூடியது. கிரிஸெல் குடை நுனியால் ஓரத்தைத் தட்டிவிட்டு ஹெக்டரைப் பார்த்தாள்.

"கீழ மனைவின்னு நீ எழுதியிருக்க. மேல இல்லைன்னு எழுதியிருக்கு. கல்யாணமாகாம பொறந்தவனுக்குப் போடற ஓரம்டா இது. என் கடுதாசிலயும் அதத்தான் எழுதினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஹெக்டர் என்னைக் கல்லறைக்கு இழுத்துப் போனார்.

"ஓரத்த மட்டும் கொத்தி எடுத்துடு."

"எடுத்தா அது பண்ணையார் கேடயமாயிடும். சட்டப்படி குத்தம், ஹெக்டர். வேணும்னா கேடயத்தையே மொத்தமா எடுத்துடறேன். அம்மா கேட்டது அப்படியே நிக்கும்."

அவர் பன்றித் தலைகளை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அவரைப் பண்ணையாரின் ரத்தம் என்று ஊருக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"கேடயம் இருக்கட்டும்," என்றார். "அந்த மனைவிங்கறதக் கொத்தி எடுத்துடு."

கொத்தினேன்.