இரைச்சல் நீக்கிய இணைப்பு

எங்கள் அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதை ஒரு பட்டிமன்றத் தலைப்பாகவே எடுத்துக்கொண்டேன். மேடை எனக்குப் புதிதன்று. பள்ளியில் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை எந்தப் பேச்சுப் போட்டியிலிருந்தும் வெறுங்கையோடு நான் ஊர் திரும்பியதில்லை. எதிரணியின் வாதத்தை அவர்களைவிட அழகாக எடுத்துரைத்துவிட்டு, பிறகு அதை உடைப்பது என் பாணி. அந்தப் பாணி ஒருநாள் ஒருவருடைய நாற்காலியைப் பறிக்கப் பார்க்கும் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால், அதற்கும் ஒரு மறுப்புரை நிகழ்த்தியிருப்பேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பங்களுக்கான இன்சுலேட்டர் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. அலுவலகம் ஒரே அறை. முதலாளிக்கு ஒரு மேசை. கடிதங்களும் ஒப்பந்தப் புள்ளிகளும் எழுதும் எனக்குச் சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை. எனக்குப் பின்னால், தொலைபேசிக்கு அருகில், நான் அக்கா என்று அழைக்கும் உடன்பணியாளரின் மேசை. நாற்பதைத் தொடாத வயது அவருக்கு. பதினோரு ஆண்டுகளாக வெளியூர் வியாபாரிகளின் அழைப்புகளை அவரே எடுத்துவந்தார். மழை பெய்தால் ஊமையாகிவிடும் பழைய கம்பி இணைப்பு, சாலையைத் தோண்டியபோது ஒரேயடியாக அறுந்துபோனது. முதலாளி என்னைப் பார்த்தார்.

“இந்தப் பேட்டையில உன்னைவிடப் பேசறவன் யாருப்பா? நாலு கம்பெனிக்காரன்கிட்ட பேசி, நீயே ஒண்ண முடிச்சுடு.”

நான்கு பேரிடமும் பேசினேன். உள்ளபடி சொன்னால், நான் பேசினேன், அவர்கள் கேட்டார்கள். அவற்றுள் ஒரு நிறுவனம் என் மனத்தைக் கவர்ந்தது. அதன் இணைப்பில் மனிதக் குரல் மட்டுமே வரும். மற்ற ஓசை எதுவானாலும் இரைச்சல் என்று கண்டு அது நீக்கிவிடும். இது அக்காவுக்கென்றே செய்யப்பட்டது என்று எனக்குத் தோன்றியது. ஏனெனில் வியாபாரிகள் அழைக்கும்போது அவர் பெரும்பாலும் பேசமாட்டார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, நெடுநேரம் இருப்பார். நடுநடுவே “ம்”, “தள்ளி வைங்க” என்று இரண்டொரு சொல். பக்கத்துப் பட்டறையில் மண் அரைக்கும் உருளையின் ஓசையாலும் சந்திப்பில் ரயில்கள் ஊதும் ஓசையாலும் எதிர்முனை கேட்காமல் அவர் திண்டாடுகிறார் என்றே வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எட்டு மாதமாக எண்ணியிருந்தேன். ஒருமுறையேனும் திரும்பி நின்று அவரைக் கேட்டதில்லை.

முடிவை அறிவித்த அன்று, அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“எல்லா சத்தத்தையும் எடுத்துட்டா நமக்கு ஒத்து வருமா தம்பி?”

அடுத்த சொல்லை அவர் எடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். பழையதைப் பிரியத் தயங்கும் மனத்தின் நியாயத்தை முதலில் போற்றினேன். பிறகு, உமியை விலக்கி மணியைத் தருவதுபோல் ஓசைக் குப்பையை விலக்கிக் குரலைத் தரும் கருவியை வேண்டாமென்பது, முறத்தை வேண்டாமென்பதற்கு ஒப்பாகும் என்று முடித்தேன். வாசலில் நின்ற பேக்கிங் ஆட்கள் கை தட்டினார்கள். “ஏம்மா, இவன்கிட்ட வாயக் குடுத்துட்டு மீள முடியுமா?” என்று முதலாளி சிரித்தார். அக்காவும் சிரித்தார். அவர் மேலும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதை நான் பார்த்தேன். வெற்றியின் அடையாளமாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

இணைப்பு வந்தது. புதிய எண்ணை எல்லா வியாபாரிகளுக்கும் அனுப்பினோம். குரல் அத்தனை தெளிவு. பேசுபவர் எதிர் நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல் இருந்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்து அக்காவின் முகம் வாடிப்போயிற்று. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். வாதத்தில் தோற்றவர்களிடம் இந்த வாட்டத்தை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று பெருந்தன்மையோடு இருந்தேன்.

பத்தாம் நாள், சரக்கு திரும்பி வந்தது. இரண்டு ஊர்களிலிருந்து, பெட்டி பெட்டியாக. விரிசல் என்று உங்கள் அலுவலகமே சொன்னதால் திருப்பி அனுப்புகிறோம் என்ற குறிப்போடு வந்தது. முதலாளி முற்றத்திலேயே ஒரு பெட்டியைப் பிரித்து, வைக்கோலை விலக்கி, ஒரு இன்சுலேட்டரைத் துளையில் விரல் விட்டுத் தூக்கி, இரும்புக் கம்பியால் தட்டினார். கணீரென்றது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் கணீரென்றது. பழுதில்லாத பீங்கான் மணிபோல் ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி செத்துப்போகும். இது பேட்டையில் எல்லாரும் அறிந்தது. நான் அறியாதது வேறொன்று. லாரியில் குலுங்கிப் போய்ச் சேரும் சரக்கை வியாபாரிகள் ஒவ்வொன்றாகத் தொலைபேசிக்கு அருகில் வைத்துத் தட்டுவார்கள். அவர்கள் செவிக்குப் பிடிபடாத வேறுபாட்டை இங்கிருந்தபடியே கேட்டு, எது நல்லது, எது விரிசல் என்று அக்கா பிரித்துச் சொல்வார். அந்த நெடிய மௌனங்களின் பொருள் அதுதான்.

“ஏம்மா, இதையா விரிசல்னு சொன்ன?” என்றார் முதலாளி.

“அவங்க தட்டுனாங்க சார். எனக்கு ஒண்ணுமே கேக்கல. கேக்கலன்னா விரிசல்னுதான சொல்லணும்.” சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். “எனக்குத்தான் காது போயிட்டுது சார். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. உருளைகிட்ட வேலை பாத்தவரு. பேச்சு கேக்கும், கொலுசு சத்தம் கேக்காது.”

“இப்ப நான் தட்டுனது?”

“கேட்டுது. கிட்ட இருந்தா கேக்குது. போன்லதான் இல்ல.”

முதலாளி கொடியவரல்லர். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பேக்கிங் கொட்டகையைப் பார்த்தபடியே சொன்னார். “திங்கக்கெழமையிலேர்ந்து நீ பேக்கிங் பாத்துக்கம்மா. போனை இந்தத் தம்பி எடுக்கட்டும்.”

என் தலையில் எவரோ தட்டியதுபோல் இருந்தது. பத்து நாளாகத் தம் செவி சாகிறதென்று நம்பிக்கொண்டு, எனக்கு மூன்றடி பின்னால் அவர் அமர்ந்திருந்தார். அதை நான் தோல்வியின் வாட்டம் என்று படித்திருந்தேன்.

முதலாளி உள்ளே போனதும், அக்கா என்னிடம் வந்தார். வெளியிலிருந்து அழைத்துத் தட்டிக் காட்டச் சொன்னார். எவ்வளவு போயிருக்கிறதென்று தாமே தெரிந்துகொள்ள வேண்டுமாம். உடைசல் குவியலுக்கு அப்பால் நின்று, அலுவலக எண்ணை என் செல்போனில் அழைத்தேன். ஒரு இன்சுலேட்டரை ஏந்தி, கம்பியால் ஐந்து முறை தட்டினேன்.

“தம்பி, லைன்ல இருக்கீங்களா? ஆரம்பிங்க.”

ஓங்கித் தட்டினேன். குவியலின் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

“இன்னும் தட்டலியா?”

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அக்காவின் சொந்த செல்போனுக்கு அழைத்தேன். அதே பீங்கானை, அதே கம்பியால், ஒரே முறை தட்டினேன். எதிர்முனையில் மூச்சு இழுபடும் ஓசை கேட்டது.

“கேக்குது. நல்ல சாமான் அது. வேற ஒண்ணத் தட்டுங்க.”

குவியலுக்கு அருகில் கிடந்த ஒன்றை எடுத்துத் தட்டினேன்.

“இது போச்சு. வாய்ப்பக்கம் பாருங்க.”

வெயிலில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு கோடு, இழையளவு. அவர் காதுக்கு ஒன்றுமில்லை. நான் முறமென்று புகழ்ந்த கருவி, குரலல்லாதது எல்லாம் குப்பை என்று கருதி, அந்த ஒலியைப் பத்து நாளாகத் தூற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே சென்று முதலாளியிடம் சொன்னேன். எந்த அலங்காரமும் வாயில் வரவில்லை. தவறு அக்காவுடையதன்று, நான் தேர்ந்தெடுத்த இணைப்பினுடையது என்று சொல்வதற்கே மூன்று முறை தொடங்க வேண்டியிருந்தது. “நீ பேசிப் பேசித்தானப்பா வாங்குன. இப்பவும் பேசறியோ?” என்றார் அவர். திங்கட்கிழமைக்குள் வேறு இணைப்பில் அக்கா கேட்டுக் காட்டினால் பார்க்கலாம், இல்லையேல் சொன்னது சொன்னதுதான் என்று முடித்துவிட்டார்.

அந்த நிறுவனத்தின் விற்பனையாளரை அழைத்து, இரைச்சல் நீக்கத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். எங்கள் திட்டத்தில் முடியாதென்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் சினந்தபோது, அவர் பணிவோடு விடை தந்தார்.

“போன்ல நீங்க என்னென்ன சத்தம் கேப்பீங்கன்னு ரெண்டு தடவ கேக்க வந்தேன் சார். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க.”

அழைப்பை முடித்துக்கொண்டேன்.

எஞ்சிய மூவரையும் அழைத்து, பீங்கானைத் தட்டும் ஒலி உங்கள் இணைப்பில் கேட்குமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒருவர் பேச்சை மாற்றினார். ஒருவருக்கு விளங்கவில்லை. மூன்றாமவர் மட்டும், “தட்டுங்க சார், எனக்குக் கேக்குதான்னு பாக்கறேன்” என்றார். தட்டினேன். கோவில் மணியா சார் என்று கேட்டார். சனிக்கிழமையே ஆள் அனுப்பி இணைப்பைப் பொருத்தித் தந்தார்.

திங்கட்கிழமை காலை, அக்கா சாப்பாட்டுப் பையை வழக்கம்போல் மேசைக்கடியில் வைக்காமல், மடியில் வைத்தபடி நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். சரக்கைத் திருப்பிய வியாபாரிகளுள் ஒருவர், நாங்கள் கொடுத்திருந்த புதிய எண்ணில் அழைத்தார். மீதமிருந்த பெட்டிகள் அவரிடமே இருந்தன. அக்கா ரிசீவரை எடுத்ததும், எதிர்முனையின் கடைத்தெரு முழுவதும் இரைச்சலாக உள்ளே வந்தது எனக்கே கேட்டது. முதலாளி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். அந்த இரைச்சலுக்காக வருந்துகிறேன் என்று அக்காவிடம் சொல்ல நான் வாய் திறந்தேன்.

“தம்பி, செத்த பேசாம இருங்க” என்று என்னைக் கையமர்த்திவிட்டு, அவர் கண்ணை மூடினார். “நீங்க தட்டுங்கண்ணே.”

காத்திருந்தோம்.

“இது நல்லது. அடுத்தது… இதுவும் நல்லது. அடுத்தது… இத மட்டும் தள்ளி வைங்க.”

முதலாளி எழுந்துபோய், பேக்கிங் கொட்டகைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி மேஸ்திரியிடம் சொன்னார். அக்கா கண் திறக்காமலே, கையால் தடவி, சாப்பாட்டுப் பையை மேசைக்கடியில் வைத்தார்.