அப்பாவை எடுத்த அன்று

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தாய்லாந்திலிருந்து வந்த ஓர் ஆசிரியையும் நானும் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். பார்த்தால் சிரிப்பதோடு சரி, அதிகம் பேசியதில்லை.

ஒருநாள் அங்கே விடிகிற நேரம், ஊரில் சாயங்காலம். எங்கள் ஊர் கிளியனூரிலிருந்து தம்பி வீடியோவில் அழைத்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. மல்லாட்டைக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தவரு கழனியிலேயே விழுந்துட்டாரு. திண்டிவனத்துக்குத் தூக்கிக்கினு போனோம், வழியிலேயே..."

நான் வாய்விட்டு அழுதேன்.

"இருட்டறதுக்குள்ள எடுத்துடலாம்னு சொல்றாங்க. உன்னக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு அம்மா ஒக்காந்துக்கினு இருக்குது. இன்னாக்கா சொல்ற?"

உடனே கிளம்பினாலும் ஊர் வந்து சேர இரண்டு நாளாகும். என் அழுகை கேட்டு அந்த ஆசிரியை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துடுங்கடா" என்றேன்.

தம்பி அப்பாவின் முகத்தைக் காட்டினான். அந்த ஆசிரியை செருப்பைக் கழற்றினார். கைப்பேசிக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார். எழுந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது.

"யாரும்மா அது?" என்றார் அம்மா.

"கூட இருக்கற டீச்சரும்மா."

"பக்கத்துல அழறதுக்கு ஒரு ஆளாவது இருக்குதே."

அப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போடவில்லை. அந்தக் குறை என்றைக்கும் தீராது. ஆனால் இப்போதெல்லாம் சாவு வீட்டைக் கடக்கும்போது தெரிந்தவரா என்று நான் யோசிப்பதில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.